மேகம் மூடிய வளைவு

பத்திரிகைக்குச் செய்தி சேகரிக்கப் போகும் வழியில், வெள்ளிமலைப் பேருந்தில் அவரைப் பார்த்தேன். மூட்டை சுமந்து காய்த்த தோள், கறுப்புக் கயிற்றில் சிலுவை. விஷச்சாராயத்தில் பார்வை போன நண்பரை ஜன்னலோரம் உட்காரவைத்து, வழியில் தெரிவதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

"மரவள்ளி பச்சப்பசேல்னு கீதுடா."

"போன வாட்டியும் இதான் சொன்ன. வேற எதனா சொல்லு," என்றார் நண்பர்.

முன்சீட்டுக்காரர் திரும்பினார். "சொந்தமா? ஏதாவது இல்லத்துல சேத்துடலாமே."

நண்பரின் கை கம்பியை இறுகப் பிடித்தது.

"சிநேகிதங்க. நான் குடிச்சிட்டு வுழுந்து கெடந்தப்ப ஆண்டவரு என்னைய வுட்டாரா? இவன வுட்டுட்டு எந்த மூஞ்சிய வச்சிக்கினு கோயிலுக்குப் போறது?"

சற்றுப் பொறுத்து நண்பர் கேட்டார்: "ஏன்டா நிறுத்திட்ட? இப்ப இன்னா தெரியுது?"

வளைவில் மேகம் கண்ணாடியை மூடியிருந்தது.

"ஒண்ணும் தெரியல மச்சான். இப்ப நீயும் நானும் ஒண்ணுதான்."

கம்பியிலிருந்து கையை எடுத்து, நண்பர் சிரித்தார். அந்தச் சிரிப்பை எந்தச் செய்தியில் எழுதுவதென்று எனக்கு இன்றும் தெரியவில்லை.