புகழேந்தியின் நீலக் கோட்டு

திண்டிவனத்தில் மே மாதத்தில் கோட்டு போடுகிறவர் யாரும் கிடையாது. மற்ற மாதங்களிலும் கிடையாது. ஆனால் எங்கள் ஊர் பேனர்களைப் பார்த்தால், காதுகுத்துக்கு வரவேற்கும் தாய்மாமன் முதல் கண்ணீர் அஞ்சலி செலுத்தும் பங்காளி வரைக்கும் நீலக் கோட்டில்தான் நிற்பார்கள். அத்தனையும் ஒரே கோட்டு. அதைக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தவன் புகழேந்தி.

என் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில்தான் பேனர் அடிக்கிற கடை. பத்து வருஷமாக அவன் அங்கே டிசைனர். லுங்கியோடு எடுத்த போட்டோவைக் கொடுத்தாலும் போதும். தலையை மட்டும் வெட்டி எடுத்து, கோட்டின் மேல் பொருத்தி, கறுத்த முகத்தை இரண்டு சுற்று வெளுத்துவிடுவான். வந்தவர் தன்னையே அடையாளம் தெரியாமல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போவார்.

அடித்த பேனரைச் சவுக்குக் கம்பம் நட்டுக் கட்டுகிறவர் மாரியப்பன். வெறுங்கால், தோளில் கட்டுக்கம்பி. அவர் புகழேந்தியின் அப்பா. இது எனக்குத் தெரியும், கடை முதலாளிக்குத் தெரியும், வாடிக்கையாளர்களுக்குத் தெரியாது. அவர்கள் முன்னால் இவன், "மாரி வந்து கட்டிடுவாருங்க" என்பான். அவரும், "எத்தினி மணிக்கி சார் வரணும்?" என்பார். முதலில் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது என்று சொல்ல வந்தேன். விளையாட்டாக ஆரம்பிக்கவில்லை. கலைப்பிரியா கடைக்கு வந்த நாளில் ஆரம்பித்தது.

கலைப்பிரியா விக்கிரவாண்டிக்காரி. அவள் அப்பா சீனுவாசனுக்கு நிலம் உண்டு, ரோட்டு மேல் ஓட்டல் உண்டு. ஓட்டல் பலகை, தம்பி பிறந்தநாள், புதுமனை புகுவிழா என்று மூன்று வருஷமாக எல்லாவற்றுக்கும் அவள்தான் வந்தாள். இவன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "அந்தப் பூவ கொஞ்சம் மேல ஏத்துங்க புகழ்" என்பாள். கடைக்கு வருகிற மற்ற பெண்களெல்லாம் அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். இவள் மட்டும் புகழ் என்றாள். அந்த ஒரு செங்கல்லை வைத்துக்கொண்டு அவன் மாடி வீடு கட்டிவிட்டான்.

நானும் அவனை அண்ணா என்று கூப்பிட்டதில்லை. அதை அவன் கவனித்ததில்லை. போகட்டும்.

'வந்துக்கினு இருக்கேன்' என்று பேசினவன் 'வந்துட்டு இருக்கேன்' என்று பேச ஆரம்பித்தான். கூட்டேரிப்பட்டிலிருந்து அப்பாவோடு ஒரே வண்டியில் வந்துகொண்டிருந்தவன் தனியாகப் பஸ்ஸில் வந்தான். ஒருநாள் மகளோடு வந்த சீனுவாசன் கேட்டார்.

"தம்பி எந்தூரு?"

"கூட்டேரிப்பட்டுங்க."

"கூட்டேரிப்பட்டுல எங்க?"

எங்க என்றால் எந்தத் தெரு என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும்.

"ரோட்டு மேலதாங்க."

"அப்பா?"

"ஈபில லைன்மேனுங்க."

கம்பம் ஏறுகிற வேலை என்ற அளவில் அது பொய்யில்லை. மாரியப்பன் அப்போது வாசலில் உட்கார்ந்து கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றுவதை நிறுத்தவில்லை.

அவர்கள் போனதும் நான் கேட்டேன். "இன்னா புகழு, பெத்தவரயே கூலி ஆளாக்கிட்ட?"

"உனக்குப் புரியாது மலர்," என்றான்.

எனக்கு நன்றாகவே புரிந்தது. பற்றிக்கொண்டு வந்தது.

போன தை மாதம் கலைப்பிரியா ஒரு போட்டோவோடு வந்தாள். "எனக்குக் கல்யாணம், புகழ். இருபதடி பேனர். நீங்கதான் பண்ணணும்." அவன் மாப்பிள்ளை முகத்தைத் திரையில் ஏற்றினான். பழக்கதோஷத்தில் கை நீலக் கோட்டைத் திறந்தது. "அது வேணாம். அவரு நெஜமாவே கோட்டு போட்டுக்கினுதான் இருக்காரு, பாருங்க," என்றாள். போகும்போது, "வாழ்த்தும் நண்பர்கள் வரிசைல உங்க போட்டோவும் போட்டுக்கோங்க," என்றாள். அந்த வரிசைக்கு மட்டும் இரண்டு நாள் எடுத்துக்கொண்டான். பிறகு பாண்டிச்சேரிக்குப் போய் ஒரு நிஜக் கோட்டு வாங்கி வந்தான்.

வரவேற்பு விக்கிரவாண்டி மண்டபத்தில். எனக்கும் பத்திரிகை இருந்தது, போனேன். ஹைவேயில் போன லாரிக் காற்றில் பேனரின் ஒரு மூலை அவிழ்ந்துவிட, மாரியப்பன் ஏணியில் நின்று கட்டிக்கொண்டிருந்தார். கீழே சீனுவாசன், "வாங்க தம்பி. அப்பா வரலியா?" என்றார்.

"டூட்டிங்க," என்றான் புகழேந்தி, கோட்டோடு வேர்த்துக்கொண்டு. ஏணி நாலடி தூரத்தில் இருந்தது.

அப்போது பேனருக்குக் கீழே போட்டோ எடுக்க மாப்பிள்ளையோடு கலைப்பிரியா வந்தாள். அண்ணாந்து பார்த்தாள். "மாரி, அந்த மூல தொங்குது பாருங்க." திரும்பி, "புகழ், சாப்ட்டுட்டுப் போங்க." பந்தியிலிருந்து எட்டிப் பார்த்த சமையல்காரரிடம், "முருகையன், ஜூஸ் அனுப்புங்க." மூன்றும் ஒரே குரல். பிறகு சொந்தக்காரப் பையன் ஒருவனைப் பார்த்து, "வாங்கண்ணா," என்று சிரித்தாள். அவர்கள் வீட்டில் அண்ணா என்பது சொந்தக்காரர்களுக்கு. வேலை செய்கிறவர்களுக்குப் பெயர்.

புகழேந்திக்கு அது விளங்கியதை நான் முகத்தில் பார்த்தேன். மூன்று வருஷ மாடி வீடு நின்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

"உங்க ஆளுதான தம்பி, இழுத்துக் கட்டச் சொல்லுங்க," என்றார் சீனுவாசன்.

அவன் அண்ணாந்தான். "இழுத்துக் கட்டு, மாரி." அதுவரை பெயர் சொன்னாலும் மரியாதை இருந்தது. அன்று அதுவும் போயிற்று.

"கட்டிட்டேன் சார்."

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். இவனுக்குக் கிடைத்தது. பதினெட்டு வகை வைத்த இலையைத் தொடாமல் மூடிவிட்டு எழுந்து போனான்.

அதற்குப் பிறகு மாரியப்பன் வீட்டிலும் மகனைச் சார் என்று கூப்பிட ஆரம்பித்தார். கோபமாக இல்லை, குத்தலாகவும் இல்லை. "சாப்டீங்களா சார்? தண்ணி வெச்சிட்டேன் சார், குளிங்க." அவன் தங்கச்சி பொன்னி என்னிடம் வந்து அழுதாள். புகழேந்தி மன்னிப்புக் கேட்டான். மறுபடியும் வண்டியில் அவரோடு வந்தான். வாடிக்கையாளர் முன்னாலேயே அப்பா என்றான். "பழையபடி டேய்ன்னு கூப்புடுப்பா," என்று கெஞ்சினான். "சரிங்க சார்," என்றார்.

ஆவணியில் பொன்னிக்குக் கல்யாணம் வந்தது. அப்பா பெயரும் தெருப் பெயரும் போட்ட பத்திரிகையைச் சீனுவாசனிடம் புகழேந்தியே கொண்டுபோய் வைத்தான். அவர் தெருப் பெயர் வரைக்கும் படித்தார். அதுவரை தம்பி என்றவர், "சரிப்பா," என்றார்.

வந்து பேனர் டிசைன் பண்ண உட்கார்ந்தான். நடுவில் அப்பா, நாலடி உயரத்துக்கு. டீக்கடையில் அவனே எடுத்த போட்டோ. அரைக்கைச் சட்டை, தோளில் கட்டுக்கம்பி. முகத்தை வெளுக்கவில்லை. "எங்கப்பா எப்பிடிக்கீறாரோ அப்பிடியே காட்டப் போறேன் மலரு," என்றான். பழைய பேச்சு திரும்பியிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் ஒரு முட்டாள்.

கூட்டேரிப்பட்டு வீட்டு வாசலில் அந்தப் பேனரையும் மாரியப்பன்தான் கட்டினார்; வேறு ஆளை விடவில்லை. சுருளைப் பிரித்து ஒரு பக்கம் கட்டியதும் முகம் வந்தது. ஏணியிலிருந்து இறங்கித் தள்ளி நின்று பார்த்தார். புகழேந்தி பட்டு வேட்டியோடு பக்கத்தில் போய் நின்றான்.

"சம்பந்திக்குக் கோட்டு," என்றார் மாரியப்பன். "பங்காளிங்களுக்குக் கோட்டு. எந்நேரமும் குடிச்சிக்கினு கெடக்கிற சக்கரபாணிக்குக் கூடக் கோட்டு போட்டுக்கீறீங்க. எனுக்கு மட்டும் ஏன் சார் போடல?"

புகழேந்தி வண்டியை எடுத்துக்கொண்டு திண்டிவனத்துக்குப் போனான். இரண்டு மணி நேரத்தில் புதுப் பேனரோடு திரும்பினான். நீலக் கோட்டு, சிவப்பு டை, முகம் இரண்டு சுற்று வெளுப்பு. சத்தியமாக அது மாரியப்பன் மாதிரியே இல்லை.

அவர் பார்த்தார். பழையதை அவிழ்த்துச் சுருட்டினார். புதியதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறினார்.

"டேய், சும்மா நின்னுக்கினு இருக்காத. அந்தப் பக்கம் தூக்கிப் புடிடா."

புகழேந்தி ஓடிப்போய்ப் பிடித்தான். கோணலாகத்தான் பிடித்தான். பத்து வருஷத்தில் ஒரு தடவைகூடப் பிடித்துப் பழக்கமில்லை.