அடைத்துவிட்ட வால்வு

அம்பத்தூரில் எனக்கொரு பெயின்ட் பட்டறை இருந்தது. நாள் முழுக்க ஸ்ப்ரே அடிக்க, காற்றை இடைவிடாமல் அழுத்தித் தரும் ஸ்க்ரூ கம்ப்ரசர்தான் சரி. அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருந்த மேதாவியான நானோ, அடிக்கடி ஓய்வு கேட்கும் சின்ன பிஸ்டன் கம்ப்ரசரை வாங்கினேன். காற்றின் அளவு போதவில்லை, அழுத்தத்தை ஏற்றினேன். மிஞ்சிய காற்றை வெளியேற்றும் சேஃப்டி வால்வு ஓயாமல் சீறியது. போல்ட் வைத்து அடைத்துவிட்டேன்.

பெயின்டர் குமார் பார்த்துவிட்டார். "இன்னா சார் நீ, அதும் வாயக் கட்டிகீற? வெடிச்சிரும்!"

"நீ பெயின்ட்ட அடிப்பா. மெஷின நான் பாத்துக்கறேன்."

அவர் என்னைத் தள்ளிவிட்டு, சுவிட்சை அணைக்க ஓடினார். அதற்குள் கம்ப்ரசரின் காற்று டேங்க் வெடித்தது. கூரைத் தகடு பிய்ந்து பறந்தது. அவருடைய இடதுகை முழங்கைக்குக் கீழே இல்லை. சுவரெல்லாம் ரத்தம்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், "உனக்கு அடி கிடி படலியே சார்?" என்றார்.

எனக்குக் கீறல்கூட இல்லை. ஒருமுறையாவது அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.