ஓரிக்கை கூட்ரோட்டில் தொங்கிய பேட்டன்ட்

பேட்டன்ட் விண்ணப்பத்தைத் தாக்கல் செய்ய இன்னும் ஒரு வாரம் இருந்தது. அதற்குள் எங்கள் கண்டுபிடிப்பை யாரோ ஃப்ளெக்ஸ் அடித்து ஓரிக்கை கூட்ரோட்டில் மாட்டியிருப்பதாகக் காலையில் போன் வந்தது.

எங்களுடையது இணையப் பாதுகாப்பு நிறுவனம். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ். வாடிக்கையாளர் கார்டு நம்பரைத் தட்டுவதற்கு முன்பே போலி வெப்சைட்டைக் கண்டுபிடித்துத் தடுக்கும் ஒரு முறையை என் டீமில் இருந்த ஜான்சி உருவாக்கியிருந்தாள். இந்தத் தொழிலில் முதலில் தாக்கல், பிறகுதான் தம்பட்டம். ஊருக்குத் தெரிந்துவிட்டால் அது புதியது இல்லை. புதியது இல்லையென்றால் பேட்டன்ட்டும் இல்லை. ஜான்சி அவள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவள் பெயர் வரவேண்டிய நேரத்தில் இப்படி ஆகிவிட்டது.

அழுதுகொண்டே வந்தாள். பின்னால் அவளுடைய தாய்மாமன் டேவிட், ஆட்டோ ஓட்டுகிறவர். ஃப்ளெக்ஸ் வைத்த மகராசன் அவர்தான்.

"காதுகுத்துக்கே ஃப்ளெக்ஸ் வெக்கிறோம் சார். எங்க பொண்ணு கண்டுபிடிச்சிக்கிது, வெக்காம இருப்பமா?"

"அந்த டயகிராம் உங்களுக்கு எப்படிப்பா கிடைச்சுது?"

"லேப்டாப்ப தொறந்து வெச்சிக்கினு சாப்பிட்டுக்கினு இருந்துச்சு. போன்ல ஒரு போட்டோ எடுத்தேன். முழுசா போட்டுக்கிறேன் சார்!"

முழுசாவாம்! வாய்வரை வந்த திட்டை விழுங்கிக்கொண்டு அவர் ஆட்டோவிலேயே ஏறினேன்.

கூட்ரோட்டில் இறங்கி அண்ணாந்து பார்த்தேன். 'விஞ்ஞானி ஜான்சியை வாழ்த்தும் உறவுகள்.' டயகிராம் இருந்தது. ஆனால் அதன் மேல் தலைகள். மாமா, அத்தை, கூலிங் கிளாஸ் போட்ட புது மாப்பிள்ளை, கைக்குழந்தை என்று ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு முகம் மறைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றின் கீழும் உறவுமுறை. 'ஸ்டார்ட்' என்ற கட்டமும் இரண்டு அம்புக்குறிகளும்தான் வெளியே தெரிந்தன.

"இத்தினி பேரை எங்க போடறதுன்னு கடைக்காரர் கேட்டாரு சார். படத்து மேலயே போடுன்னுட்டேன். ஒருத்தரை வுட்டாலும் சண்டை வந்துரும்."

நடுரோட்டில் விழுந்து விழுந்து சிரித்தேன். ஃப்ளெக்ஸைப் படம் எடுத்து சென்னையில் இருந்த பேட்டன்ட் வக்கீலுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"இதுல கண்டுபிடிப்பு எங்க சார்? மனுஷங்கதான் தெரியறாங்க. எதுக்கும் இன்னைக்கே ஃபைல் பண்ணிடலாம்."

டேவிட்டே ஏறி ஃப்ளெக்ஸை அவிழ்த்தார். பிரிண்டிங் கடையில் நின்று, கம்ப்யூட்டரில் இருந்த படத்தையும் அழிக்க வைத்தார். அன்று மாலைக்குள் விண்ணப்பம் போய்விட்டது.

சில வருடங்கள் கழித்துப் பேட்டன்ட் கிடைத்த அன்று ஜான்சி சான்றிதழோடு என் முன்னால் வந்து நின்றாள். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் இருந்த தன் பெயரைத் தொட்டுக் காட்டினாள். கொஞ்ச நேரத்தில் டேவிட்டின் போன்.

"சார், இப்ப வெக்கலாமா?"

"எங்க வேணா வெச்சிக்கோங்க டேவிட்!"

இந்த முறை டயகிராம் பளிச்சென்று தெரிந்தது. உறவுகள் எல்லாம் கீழே வரிசையாக. வரிசையின் கடைசியில் என் போட்டோ. கீழே 'பெரியப்பா' என்று போட்டிருந்தார்கள். வேலைக்காலத்தில் வாங்கிய ஷீல்டுகள் எல்லாம் பரணில் கிடக்கின்றன. அந்த ஃப்ளெக்ஸின் படம் மட்டும் என் போனில் இருக்கிறது. டேவிட்டுக்கும் அந்தக் குடும்பத்துக்கும் நான் கடமைப்பட்டவன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளே, முதலில் தாக்கல் செய்யுங்கள். பிறகு ஃப்ளெக்ஸ் வையுங்கள். வைக்கும்போது ஒருவரையும் விட்டுவிடாதீர்கள்.