இருப்பார் என்று எழுதினேன்

டாக்டரம்மாவின் நீலப் பெட்டி மட்டும் நனையவில்லை. காவிரி வெள்ளம் எங்கள் சின்ன ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தை மூழ்கடித்துவிட்டு வடிந்திருந்தது. எக்ஸ்ரே கருவியும் ஜெனரேட்டரும் கீழே சேற்றில் கிடக்க, மாடியில் அந்தப் பெட்டி பூட்டித் தயாராக நின்றது. மாதக் கடைசியில் அவர் சேலத்தில் இருக்கும் மகளிடம் போய்விடுவதாக இருந்தார். பரமத்தி வேலூர்ப் பக்கம் முப்பது வருடம் பிரசவம் பார்த்தவர், முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. போகப்போவது நர்சுகளுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

நான் அங்கே நோயாளிகளுக்குச் சீட்டு எழுதுகிறவன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று நன்கொடைக் கடிதமும் என் தலையில் விழுந்தது. எங்கள் பக்கத்து மனிதர்கள் கொடுக்க அஞ்சாதவர்கள். ஆனால் கட்டடத்துக்குக் கொடுக்க மாட்டார்கள், ஆளுக்குத்தான் கொடுப்பார்கள். அது தெரிந்த மகா கெட்டிக்காரன் நான், ஒரு வரியைச் சேர்த்தேன்: ‘நம் டாக்டரம்மா என்றும் நம்மோடு இருப்பார்.’ அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார். படிக்காமலே கையெழுத்துப் போட்டார், என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

கடிதம் வேலை செய்தது. போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் லாரிக்காரர் ஒருவர் வந்து, மண் மூடிய எங்கள் போர்வெல்லைக் கம்ப்ரசர் வைத்து ஊதிச் சுத்தம் செய்து தந்தார். காசு வாங்கவில்லை. மறுநாள், வெற்றிலைக் கொடிக்காலை ஆற்றுக்குப் பறிகொடுத்த விவசாயி ஒருவர், வெள்ளத்துக்கு முன்பே கழற்றி வைத்திருந்த தன் மோட்டாரை வண்டியில் ஏற்றி வந்து டாக்டரம்மா முன்னால் நின்றார்.

“கொடிக்காலே போயிருச்சுங்க, இனி எனக்கெதுக்குங்க மோட்டாரு? நீங்க இங்கயே இருப்பீங்கன்னு எழுதியிருந்துச்சுங்க, அதான் கொண்டாந்தேன். மருமவளுக்கு இது எட்டாம் மாசமுங்க.”

டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். வெளியே போக வழி இல்லை என்று அந்த நிமிடத்தில் புரிந்துகொண்ட முகம் அது.

“ஆமாங்க, இருக்கறேன்” என்றார் விவசாயியிடம். அவர் போனபின் என்னிடம், “என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, சாமி” என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆஸ்பத்திரி எழுந்துவிட்டது. அவர் இடத்துக்கு வேறு டாக்டரை யாரும் தேடவில்லை. அவர்தான் இருக்கிறாரே! மகள் மாதம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, பேருந்தில் அழுதுகொண்டே திரும்புவாளாம். டாக்டரம்மா இப்போது எழுந்து நடப்பதே அபூர்வம்; நோயாளிகள்தான் நாற்காலியை நெருங்கி வருகிறார்கள்.

போன மாதம் நான் வேலையை விட்டேன். என் மகன் சேலத்தில் வீடு வாங்கியிருக்கிறான். கடைசி நாள், அவர் அறை வாசலில் நின்று, “வாரேனுங்க டாக்டரம்மா” என்றேன்.

அவர் அடுத்த சீட்டைக் கையில் எடுத்தபடி சிரித்தார்.

“போய்ட்டு வா, சாமி. உன்னையப் பத்தித்தான் யாரும் எழுதி வெக்கலியே.”