ஜனாதிபதி வீட்டைவிட்டு வெளிக்கிட்ட காலை

2009ஆம் ஆண்டு ஜனவரி மாதம். சிட்னியில் நல்ல வெயில் காலம். அன்று காலை என் கணவருக்கு இருதயச் சத்திரசிகிச்சை. மகன் பென்டில் ஹில் வீட்டில் இருந்து எங்களைக் காரில் ஏற்றி வந்து ஆஸ்பத்திரியில் விட்டான். அவனுக்குப் புது வேலை, லீவு கிடைக்கவில்லை. மத்தியானம் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடமாகியும் வெளியாட்களோடு கதைப்பதெல்லாம் இவர்தான். இங்கிலீஷ் கேட்டால் ஓரளவு விளங்கும், ஆனால் நான் பக்கத்தில் நின்று சிரிப்பேன், அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்குள் என் வாய் ஓயாது. செய்தி பார்க்கும்போது கேள்வி கேட்டே இவரைக் களைக்க வைத்துவிடுவேன். முந்தின வருடம் முழுக்க அமெரிக்கத் தேர்தல்தான். கார்த்திகையில் வென்றவர் ஏன் தை மாதம் வரைக்கும் காத்துக்கொண்டிருக்க வேண்டும்? ஜனாதிபதியின் வீட்டுக்கு ஏன் வெள்ளை பூசினார்கள்? ஜனாதிபதி திடீரென்று செத்துப்போனால் அடுத்தது யார்? வேறு நாட்டில் பிறந்தவர் அங்கே ஜனாதிபதியாக வரலாமா? எல்லாவற்றுக்கும் இவர் பொறுமையாகப் பதில் சொல்வார். தெரியாததை மகனிடம் கேட்டு அடுத்த நாள் சொல்வார். "உமக்கு அமெரிக்காவில வோட்டு இருக்குது போல கிடக்கு" என்று பகிடியும் விடுவார்.

அன்று காலை இவருக்கு ஏதோ ஊசி போட்டிருந்தார்கள். கண் சொக்கிப்போய் இருந்தது. கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகும்போது என் கையை விட்டுவிட்டு, "சரி, நான் போறன்" என்றார்.

எங்கள் ஆட்கள் கடைக்குப் போவதென்றாலும், போய்விட்டு வருவேன் என்று தெரிய, "போட்டு வாறன்" என்றுதான் சொல்வார்கள். வெறுமனே "போறன்" என்றால் திரும்பி வரமாட்டேன் என்று சொல்வது மாதிரி. இவர் வாசலில் தபால் பெட்டியைப் பார்க்கப் போனாலும் "போட்டு வாறன்" சொல்லுகிற மனிதர். வடிவாகச் சொல்லிவிட்டுப் போங்கோ என்று கூப்பிட வாயெடுத்தேன். தாதிமார் நிற்கிறார்களே என்று வெட்கமாய் இருந்தது. அதற்குள் கதவு மூடிவிட்டது.

காத்திருக்கிற இடத்தில் சுவரில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் புது ஜனாதிபதி பதவி ஏற்றதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். கறுப்பினத்தவர் ஒருவர் முதன்முதலாக வந்திருந்தார். எல்லாரும் அவரைப் பார்க்க, நான் பழையவரைப் பார்த்தேன். அவரும் மனைவியும் ஹெலிகொப்டரில் ஏறப் போனார்கள். ஏறுமுன் கை காட்டினார்கள். இனி எங்கே போவார்கள்? சொந்த வீடு இருக்குமா? இத்தனை வருடம் இருந்த வீட்டை விட்டு வெளிக்கிடும்போது என்ன சொல்லிவிட்டு வெளிக்கிட்டிருப்பார்?

கேட்பதற்காகப் பக்கத்தில் திரும்பினேன். கதிரை வெறுமையாய் இருந்தது.

அதற்கு அடுத்த கதிரையில் ஒரு வெள்ளைக்கார வயோதிபர். அவருடைய மனைவியும் உள்ளேதான். பேப்பரை மடித்தபடியே மடியில் வைத்திருந்தார். எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ, தொலைக்காட்சியைக் காட்டி, "தட் மேன், ஹவுஸ் இருக்கா?" என்று பாதித் தமிழில் கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. சொந்த ஊரில் வீடு இருக்கிறது, பென்ஷன் இருக்கிறது, காவலுக்கு ஆட்கள் இருக்கிறார்கள், சாகும்வரை ஜனாதிபதி என்றே கூப்பிடுவார்கள் என்று ஆறுதலாகச் சொன்னார். திரும்பி வரலாமா என்று கேட்டேன். இரண்டு தரம் வென்றவர் மூன்றாம் தரம் வர முடியாதாம்.

பிறகு புதியவர் சத்தியம் செய்கிற இடத்தைக் காட்டினார்கள். நடுவில் தடுமாறி நின்றார்கள். சத்தியத்தைச் சொல்லிக் கொடுத்த நீதிபதி ஒரு சொல்லை இடம் மாற்றிச் சொல்லிவிட்டாராம், அந்தப் பெரியவர் விளங்கப்படுத்தினார்.

"ரோங் வேர்ட். ஸ்டில் பிரசிடென்ட்?" என்று கேட்டேன்.

மத்தியானம் பன்னிரண்டு அடித்ததும் அவர் ஜனாதிபதிதான், சத்தியம் பிழைத்தாலும் சட்டம் அப்படித்தான் என்றார். "இட்ஸ் ஒன்லி வேர்ட்ஸ், லவ்" என்றார், வெறும் சொல்தானே பிள்ளை என்கிற மாதிரி.

"மை ஹஸ்பண்ட். ரோங் வேர்ட்" என்றேன். அதற்கு மேல் இங்கிலீஷும் வரவில்லை, தமிழும் வரவில்லை. கண்ணீர்தான் வந்தது. அவருக்கு என்ன விளங்கியதோ, எழும்பிப் போய்த் தேத்தண்ணீர் வாங்கிவந்து என் கையில் தந்தார். கொஞ்ச நேரத்தில் அவரைக் கூப்பிட்டார்கள். "சீ யூ லேட்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார். இத்தனை வருடம் காதில் விழுந்த சொல். இவர்களும் திரும்ப வருவதைத்தான் சொல்கிறார்கள் என்று அன்றுதான் யோசித்தேன். பிறகு அவரை நான் காணவில்லை.

மகன் வந்து சேர்ந்த பிறகு, சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததென்று வைத்தியர் வந்து சொன்னார்.

அடுத்த நாள் பின்னேரச் செய்தியில், புது ஜனாதிபதி மறுபடியும் சத்தியம் செய்தாராம். தேவையில்லைத்தான், ஆனாலும் ஒரு பாதுகாப்புக்கு என்று மகன் விளக்கினான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய் இவருடைய கட்டிலருகே நின்றேன்.

"இஞ்சேருங்கோ, அமெரிக்க ஜனாதிபதியே ரெண்டாந்தரம் சொன்னவர். நீங்களும் ஒருக்கா வடிவாச் சொல்லுங்கோ."

எதை என்று கேட்டார். சொன்னேன். அப்படிச் சொன்னதே தனக்கு ஞாபகம் இல்லை என்றார். பிறகு சிரிப்பு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "சிரிக்க வையாதையும், தையல் நோகுது."

அந்த நேரம் பார்த்து அவரை நடக்கப் பழக்க ஆஸ்பத்திரிப் பிள்ளை ஒருத்தி வந்தாள். நடைபாதையின் முடிவு வரைக்கும்தான் கூட்டிக்கொண்டு போகிறாள். இவர் வாசலில் நின்று, வார்ட்டில் உள்ளவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்க, "போட்டு வாறன்" என்றார்.

சொல்லில் ஒன்றும் இல்லை என்று அந்தப் பெரியவர் சொன்னது சரியாக இருக்கலாம். அப்படியென்றால் அவ்வளவு பெரிய நாட்டின் ஜனாதிபதி ஏன் அதைத் திரும்பச் சொன்னார் என்று இன்றைக்கும் செய்தி பார்க்கும்போது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இவருக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை, ஆனால் கேட்பதற்கு இவர் பக்கத்துக் கதிரையில் இருக்கிறார்.