ஜூன் மாதத்துப் புடலங்காய்

ஞானகுமாரி மார்த்தாண்டத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு சென்னீர்குப்பத்துக்கு வந்த வருஷமே, ஜூன் பிறந்ததும் கொல்லையில் புடலை விதை போட்டாள். தெருவே வேடிக்கை பார்த்தது. பார்க்காமல் என்ன செய்யும்? பூந்தமல்லிப் பக்கம் ஜூன் மாதத்தில் அடிபம்பை அடித்தால் காற்றுதான் வரும். லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்கிற காலம் அது.

அவள் ஊர்க் கணக்கு வேறு. அங்கே வைகாசி பாதியில் மேற்கேயிருந்து மழை பிடித்துக்கொள்ளும். அதற்குள் விதை மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். அதே மழை மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வரும்போது வெறுங்கையை வீசிக்கொண்டுதான் வரும். ஆடி ஆவணியில் சாயங்காலம் இடித்து முழக்கி ஏதோ கொஞ்சம் பெய்யும். மற்றபடி ஐப்பசி அடைமழைதான் கதி. அதிலும் அவள் கொல்லை பள்ளம், கணுக்கால் தண்ணீர் நிற்கும். அது வடிந்து செடி வைத்து, தை மாசிக்குத்தான் காயைக் கண்ணால் பார்க்கலாம்.

தை மாதத்துக் காயை அவள் ஒன்றும் குறை சொல்லவில்லை. ஆனால் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை செப்டம்பர் கடைசியில் வருகிறதே! வீட்டில் விளைந்ததைப் பீடத்துக்கு முன்னால் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம் விடுவார்கள். பிறந்த ஊரில் அவள் தன் கையால் விளைந்த காய் இல்லாமல் பண்டிகைக்குப் போனதே கிடையாது. இங்கே வந்தபின் வருஷா வருஷம் மார்க்கெட்டில் வாங்கிய காயைக் கொண்டுபோய் வைத்தாள். கடவுளை ஏமாற்றுகிற மாதிரி வெட்கமாக இருந்தது அவளுக்கு. தன் விதையில் விளைந்த ஒரே ஒரு காய், அவ்வளவுதான் அவள் ஆசை. அதற்காகத்தான் ஜூன் தவறாமல் விதை போட்டாள். ஜூன் தவறாமல் அது கருகியது.

"இன்னா ஞானம், கேலண்டர மட்டும் உங்க ஊர்லர்ந்தே எட்த்துகினு வந்துட்டியா?" என்பான் கணவன் ஜெயபால். திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். நல்ல மனுஷன், வாய் மட்டும் சும்மா இருக்காது.

வேலிக்கு அந்தப் பக்கம் வேம்புலியம்மாள். ஒரு காலத்தில் இதே இடத்தில் நாற்று நட்டவள். வயலெல்லாம் மனையான பிறகு எஸ்டேட்டில் அட்டைப்பெட்டி ஒட்டப் போனாள். அவள் கொல்லை மேடு. கேலியில் ஜெயபாலையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள்.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஞானகுமாரிக்கு அலுத்துப்போனது. தம்பி ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த விதையைப் பொட்டலத்தோடு வேலிக்கு மேலே நீட்டினாள்.

"நீங்களே வச்சுக்கிடுங்க அக்கா. இனி நான் விதைக்க மாட்டேன்."

"எனுக்கு இன்னாத்துக்குமே இது?" என்றவள், அந்த முகத்தைப் பார்த்துவிட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வாரமே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஜூன் மாதத்தில், மெட்ராஸில், ராப்பகலாகப் பேய்மழை! பஸ் நின்றது, கரண்ட் போனது, தெரு வாய்க்காலானது. ஞானகுமாரி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் ஊர் மழை அவளைத் தேடி வந்திருக்கிறது; மண்ணில் ஒரு விதை இல்லை. தேம்பித் தேம்பி அழுதாள். ஜெயபாலே அன்றைக்குக் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான்.

மழை விட்டதும் வேலிக்கு அப்பால் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், வேம்புலியம்மாள் குழி எடுத்து விதை ஊன்றிக்கொண்டிருந்தாள்.

"மழையே உன் பேச்ச கேட்டுகினு வந்துட்ச்சி. நான் கேக்கலன்னா நல்லாவா கீது?"

ஆடி மழையும் அந்த வருஷம் கை கொடுத்தது. பந்தல் நிறையக் கொடி, ஆவணியில் காய். வளையாமல் நீள நுனியில் கல் கட்டித் தொங்கவிட்டார்கள். பண்டிகைக்கு முதல் நாள் இருப்பதிலேயே நீளமான காயை அறுத்து வேலிக்கு மேலே நீட்டினாள் வேம்புலியம்மாள்.

ஞானகுமாரி கையை நீட்டவில்லை. "நட்டது நீங்கதானே? நட்டவங்கதான் கொண்டு வைக்கணும்."

"அப்போ நானே வர்றேன்" என்றாள் அவள்.

சொன்னபடியே பட்டுச்சேலை கட்டி, நெற்றி நிறையக் குங்குமத்தோடு சர்ச்சுக்கு வந்து பீடத்தில் காயை வைத்தாள். ஆராதனை முடிந்தும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அர்ச்சனைத் தட்டு திரும்பி வருகிற மாதிரி காயும் திரும்பி வரும் என்று காத்திருந்தாள். அது வாசலுக்குப் போய், ஒருவர் அதைத் தூக்கிப் பிடித்து விலை கேட்டதும் ஆடிப்போய்விட்டாள்.

"யோவ், இன்னாய்யா இது? சாமிக்கு வச்சத திருப்பிக் குடுக்காம விக்கிறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். இங்கே இதுதான் வழக்கம் என்று ஞானகுமாரி அவள் காதில் சொன்னாள். வேம்புலியம்மாள் அசரவில்லை. இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்தாள்.

"அப்போ நானே கேக்குறேன். யாரும் மேல கேக்காதீங்க. வெத இந்தப் பொண்ணுது. ஊரே வெயில்ல கெடக்க சொல்லோ இவ ஒருத்திதான் மழைய நம்பிகினு இருந்தா. நாங்கள்லாம் சிரிச்சோம், நானுந்தான் சிரிச்சேன். காய் இவ ஊட்டுக்குத்தான் போவணும்."

யாரும் மேலே கேட்கவில்லை. ஞானகுமாரி காயைக் குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். இத்தனை வருஷ வெட்கமும் அன்றோடு போயிற்று. மதியம் இரண்டு வீட்டுக்கும் அவளே கூட்டு வைத்தாள். ஜெயபால் மூன்று தடவை போட்டுக்கொண்டான்.

மறு ஜூனில் மழை இல்லை, வழக்கமான வெயில். ஆனால் வேலியின் இரண்டு பக்கமும் விதை போட்டிருந்தது. லாரியில் பிடித்த தண்ணீரில் ஒரு செம்பை மொண்டு குழியில் ஊற்றிக்கொண்டிருந்த வேம்புலியம்மாளைப் பார்த்து, "யக்கா, உனுக்குமா?" என்று தலையில் அடித்துக்கொண்டான் ஜெயபால்.

"போய் உன் வேலைய பாருய்யா. செப்டம்பர்ல நாங்க சர்ச்சுக்குப் போவணும்."