எட்டு மில்லி மெத்தை

"...அப்போ ஐஸ்ல கெடந்த மூணு வருசத்த எதுல சேக்கிறது? பொறக்கிறப்பவே அதுக்கு மூணு வயசாயிடுமாலா?"

மாமியார் இப்படிக் கேட்டது கருத்தரிப்பு மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், எதிரே இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் குரலில். எனக்கும் அதே சந்தேகம் நெடுநாளாக உண்டு. டாக்டரிடம் கேட்கத்தான் வெட்கம்.

எங்களுடைய கருக்கள் மூன்றை அங்கே உறைய வைத்திருந்தார்கள். இரண்டை முன்பே வைத்துப் பார்த்தும் தங்கவில்லை. மிச்சமிருந்த ஒன்றை அன்று காலை வெளியே எடுத்திருந்தார்கள். அது உயிரோடு எழுந்தால்தான் எனக்குள் வைப்பார்கள். அந்தச் செய்திக்காகத்தான் காத்திருந்தோம். ஸ்கேனில் தெளிவாகத் தெரியட்டும் என்று முட்ட முட்டத் தண்ணீர் குடித்திருந்ததால் எனக்குச் சிரிக்கவும் பயம். கணவர் கீழே கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார்.

கரு ஒட்டிக்கொள்ள வேண்டுமானால் கருப்பையின் உட்சுவர் தடிக்க வேண்டும். அதற்காக இரண்டு வாரமாக ஹார்மோன் மாத்திரை விழுங்கியிருந்தேன். அந்தச் சுவருக்கு 'மெத்தை' என்று பெயர் வைத்தவர் மாமியார்தான். ஸ்கேன் நாளெல்லாம் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து போன் வரும்: "இன்னிக்கு மெத்த எத்தன மில்லி?" எட்டு மில்லிமீட்டர் என்று நான் சொன்ன அன்று, பாசாரில் மீன்காரரிடம்கூட "எட்டு!" என்றாராம், எது எட்டு என்று சொல்லாமலே.

ஆய்வகக் காற்றில் வாசனை கலந்தால் கருவுக்கு ஆகாது என்று முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தேன். அதனால் அன்று அவர் பூ வைக்கவில்லை, பவுடர் போடவில்லை.

கதவைத் திறந்த தமிழ் நர்ஸ் முதலில் மூக்கைச் சுளித்தார். "யாரு தைலம் தேச்சது?"

"முட்டிக்கு ஜாதிக்காத் தைலம்மா. அதுவா வாசன? அது மருந்தில்ல?" என்றார் மாமியார்.

நர்ஸ் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அக்கா, நல்லா எந்திரிச்சிருச்சு. வாங்க."

எனக்கு எழுந்திருக்கவே தெரியவில்லை. மாமியார் விடவில்லை. "இப்ப அதுக்கு வயசென்னம்மா?"

"அஞ்சு நாள்தான் ஆண்ட்டி. ஐஸ்ல இருந்ததெல்லாம் கணக்கே இல்ல."

"அஞ்சு நாளா! அஞ்சு நாள் புள்ளகிட்ட யாராச்சும் தைலத்தோட நிப்பாங்களாலா?"

பையை எடுத்தார். லிப்டுக்குக்கூடக் காத்திராமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்த முட்டியோடு படி இறங்கினார். உள்ளே போகுமுன் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாசலில் காவலுக்கு இருந்த ஜாகாவின் நாற்காலியைக் கேட்டு வாங்கி, கார்களுக்கு அப்பால் அந்தக் கோடிவரை இழுத்துக்கொண்டுபோய், வெயிலில் உட்கார்ந்தார்.